யாரும் தெரிவுசெய்யாத பேராளர்

1.

போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து சிவானந்தன் தொலைபேசி எடுத்தான். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்து இளைப்பாறிய பிறகு உலக அரசியல் முழுவதையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவன். வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு நாட்டைப் பற்றி என்னிடம் விசாரிப்பான். நான் ஐரோப்பாவில் இருப்பதால் எனக்கு எல்லாம் தெரிந்திருக்கவேண்டும் என்பது அவன் கணக்கு.

இந்தமுறை அமெரிக்கா. அங்கே ஒரு கட்சி சனாதிபதி வேட்பாளரைத் தெரிவுசெய்யும்போது, மக்கள் தெரிவுசெய்து அனுப்பிய பேராளர்களோடு, ஒருவரும் தெரிவுசெய்யாத பேராளர்களும் வந்து இருப்பார்களாம். முன்னாள் பெரியவர்கள், கட்சி முக்கியஸ்தர்கள் என்று. வகிக்கும் பதவிக்காக அவர்களுக்கு ஒரு வாக்கு. சண்டை பிடித்து, முதல் சுற்றில் அவர்கள் வாக்குப் போடக்கூடாது என்று பிறகு ஒழுங்கு வைத்தார்களாம். சிவானந்தனுக்கு அது போதாது.

"ஒருத்தரும் தெரிவுசெய்யாதவன் ஆற்றை பேரிலை வாக்குப் போடுறான்? உது அநியாயமெல்லோ மச்சான்?"

"சிவா, போன கிழமை வரைக்கும் நானும் அப்பிடி ஒராள்தான்" என்றேன்.

நான் சொன்னதை நம்பாமல், இணைப்பில் கோளாறு என்று நினைத்து "கேக்குதோ, கேக்குதோ" என்று கத்தினான். கேட்கிறது என்று சொல்லி, விசயத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். அவனுடைய டேட்டா பாதியில் முடிந்துவிட்டது. அதனால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன். அவன் வாசித்துக்கொள்ளட்டும்.

2.

நான் இருக்கும் பீல் நகரம் கடிகாரத்துக்குப் பேர்போனது. ஊர் முழுக்க இரண்டு மொழி. பேருந்து நிறுத்தத்தின் பெயரிலிருந்து குப்பை போடும் ஒழுங்குவரை எல்லாவற்றையும் இரண்டு தரம் சொல்வார்கள், ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று. ஒரு மணித்தியாலக் கூட்டம் இரண்டு மணித்தியாலம் போகும். என்னைப் போல் இரண்டும் அரைகுறையாக விளங்குகிறவர்களுக்கு இது பெரிய வசதி. முதல்தரத்தில் விட்டதை இரண்டாம்தரத்தில் பிடிக்கலாம்.

கடிகாரப் பெட்டிகளை மெருகூட்டும் பகுதியில் எனக்கு வேலை. அங்கே எனக்கு மேலாளராக இருந்தவர் உர்ஸ். என் வதிவிட அனுமதி இழுபட்டுக்கொண்டிருந்த காலத்தில், சொந்த விடுமுறையை எடுத்துக்கொண்டு, வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு என்னோடு வந்து நின்றவர். நான் பேசினால் காரியம் கெட்டுவிடும் என்று என்னைப் பேசவிடாமல் தானே எல்லாவற்றையும் பேசியவர். அவரைப் பற்றி நான் ஒரு சொல் குறைவாகச் சொல்லமாட்டேன்.

உர்ஸ் ஒரு கட்சியில் இருந்தார். கட்சியின் பெயர் இங்கே வேண்டாம். என்னையும் சேர்த்துவிட்டார். வெளிநாட்டவரும் அதில் உறுப்பினராக இருக்கலாம். அந்தக் கட்சியின் நகரக் கிளையில் ஒரு பழைய விதி இருந்தது. ஓய்வூதியர் அணி, இளைஞர் அணி என்று கிளையோடு சேர்ந்த அணிகளுக்குத் தலைவராக இருப்பவர்களுக்கும், முன்னாள் நகரபிதாவுக்கும், தொழிற்சங்கப் பொறுப்பாளருக்கும் பேராளர் கூட்டத்தில் தாமாகவே ஒரு வாக்கு உண்டு. பதவிவழிப் பேராளர்கள். அவர்களை ஒருவரும் தெரிவுசெய்வதில்லை.

உர்ஸ் புதிதாக வேற்றுமொழியினர் அணி என்று ஒன்றைத் தொடங்கினார். தலைவரைத் தெரிவுசெய்யும் கூட்டத்துக்கு நானும் மெஹ்மெத் என்ற துருக்கி நண்பனும் வந்தோம். வேறு ஒருவரும் வரவில்லை. கூட்டம் தொடங்கும் நேரம் பார்த்து மெஹ்மெத் காரை மாற்றி விடவேண்டும் என்று எழுந்து போனான். நீலக் கோடு போட்ட தரிப்பிடத்தில் நேரம் முடிகிறதாம். இந்த நாட்டில் அதற்குத் தாமதிக்க முடியாது. உர்ஸ் என்னைப் பார்த்தார், சுற்றிவர ஆளில்லாத கதிரைகளைப் பார்த்தார், "அப்படியானால் நீதான் யோகா" என்றார். யோகநாதன் என்ற பெயர் இங்கே அவ்வளவுதான் மிஞ்சியது. மெஹ்மெத் திரும்பி வந்தபோது நான் ஏகமனதாகத் தலைவராகிவிட்டிருந்தேன்.

எனக்கு இது விநோதமாகப் படவில்லை. ஊரில் எங்கள் வாசிகசாலைக்குத் தலைவர் போடுவதும் இப்படித்தான். முதல்நாளே கடைக்குள் இருந்து ஆளை முடிவுசெய்துவிடுவார்கள். மறுநாள் மண்டபத்தில் ஒருவர் முன்மொழிவார், மற்றவர் வழிமொழிவார், நாங்கள் கைதட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்துக் கலைவோம். இங்கே கைதட்ட ஆள் இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அதன்பிறகு வருடாவருடம் முறைப்படி அணியின் பொதுக்கூட்டத்தைக் கூட்டினேன். வருடாவருடம் நான் மட்டும் வந்தேன். என்னை நீக்குவதற்கும் ஒருவராவது வரவேண்டும் அல்லவா. அப்படியே காலம் ஓடிவிட்டது.

3.

அந்த வாக்கைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எனக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே வாக்கு அதுதான்.

நான் சுவிஸ் பிரசை அல்ல. மனைவி மலரும் மகள் ஆரணியும் எப்போதோ பிரசைகளாகிவிட்டார்கள். அவர்கள் விண்ணப்பித்த காலத்தில் நான், அடுத்த வருடம் ஊருக்குப் போய்விடுவோம், பிறகு எதற்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதைப் பல வருடம் சொன்னேன். பிறகு வெட்கத்தில் விட்டுவிட்டேன். விமான நிலையத்தில் தாயும் மகளும் ஒரு வரிசையில் போய்விடுவார்கள். நான் மற்ற வரிசையில் நின்று, அவர்கள் அந்தப் பக்கம் கோப்பி குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஊரில் வாக்கு இருந்தது. பதினெட்டு முடிந்த கையோடு வந்த முதல் தேர்தலுக்கு, தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வாக்குச்சாவடியில் இருந்தவர் வாக்காளர் இடாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, உங்கடை வாக்கு விடியவே போட்டாச்சு" என்றார்.

நான்தான் யோகநாதன் என்றேன். காலையில் வந்தவரும் அப்படித்தான் சொன்னார் என்றார் அவர். நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்து இரங்கி, வந்ததுக்கு விரலிலை மையையாவது பூசிக்கொண்டு போங்கோ என்றார். பூசிக்கொண்டு வந்தேன். வீட்டில் கேட்டபோது வாக்குப் போட்டாயிற்று என்று சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அடுத்த தேர்தல் ஒழுங்காக நடக்கும் முன்னர் நான் நாட்டைவிட்டு வந்துவிட்டேன்.

கிளையில் எனக்கு வாக்கு இருந்தாலும் அதற்கு வேலை வரவில்லை. எல்லாம் பெரும்பான்மையோடு முடிந்துவிடும். கோடை விழாவுக்கு மலர் பொரித்துக் கொடுக்கும் ரோல்ஸ் எத்தனை பெட்டி தேவை என்பது பற்றி மட்டும் என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். அதையும் மலரிடம் கேட்டுத்தான் சொல்வேன்.

4.

ஆரணியைச் சின்ன வயதில் கூட்டங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். வீட்டில் விட்டால் தொலைக்காட்சி பார்ப்பாள் என்று. நான் பின்வரிசையில் இருந்து நித்திரை தூங்க, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளே கைதூக்கிப் பேசத் தொடங்கினாள். பேர்ன் வட்டார ஜெர்மனில் ஒரு வேகம், பிரெஞ்சில் இன்னொரு வேகம். தமிழ் மட்டும் வீட்டுக்குள், செருப்பைப் போல. வாசலைத் தாண்டினால் கழன்றுவிடும். கடையில் நான் உரத்துத் தமிழில் கூப்பிட்டால், மற்றப் பக்கம் திரும்பிப் பால் பெட்டியில் எழுதியிருப்பதை வாசிப்பாள். படித்துச் சட்டத்தரணியானாள். நகரசபைக்கும் தெரிவானாள். அது ஒரு பெருமை, மறைக்க ஒன்றுமில்லை.

கடந்த வருடம் நகரபிதாவுக்கு நிற்கப்போகிறேன் என்றாள். இங்கே நகரபிதாவை நகரப் பிரெசிடென்ட் என்றுதான் சொல்வார்கள். மலர் அந்தச் செய்தியை யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கைக்குச் சொன்னபோது "நகரம்" என்ற பகுதி எங்கேயோ கடலுக்குள் விழுந்துவிட்டது. பின்னேரத்துக்குள் ஆரணி சுவிற்சர்லாந்தின் சனாதிபதியாகப் போகிறாள் என்று அவர்கள் குடியிருக்கும் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்டது. மலரின் தங்கை புருசன், மகனின் விசா அலுவலை ஒருக்கால் பார்க்கச் சொல்லுங்கோ அண்ணை, அவசரமில்லை, பதவியேற்ற பிறகு போதும் என்றார். இங்கே வருடத்துக்கு ஒருவராக மாறும் நாட்டின் சனாதிபதி ஆர் என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால், அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார் என்பதை அவருக்கு விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை.

சனாதிபதியானாலும் நகரபிதாவானாலும் முதலில் கட்சி அவளை வேட்பாளராக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். அந்த இடத்துக்கு இன்னொருவரும் விருப்பம் சொல்லியிருந்தார். அது உர்ஸ்.

5.

அதற்குக் கொஞ்சக் காலம் முன்னரே ஆரணி எங்களுடைய பதவிவழி வாக்குகளில் கைவைத்திருந்தாள். ஐந்து பேர் ஒருவராலும் தெரிவுசெய்யப்படாமல் வந்திருந்து வேட்பாளரைத் தீர்மானிப்பது வெட்கக்கேடு, அமெரிக்காவிலேயே முதல் சுற்றில் நிறுத்திவிட்டார்கள் என்று பேசினாள். பேசும்போது முன்னாள் நகரபிதாவைப் பார்த்தாள், தொழிற்சங்கக்காரரைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் ரோல்ஸ்காரன் என்ற கணக்கில் விட்டிருப்பாள்.

முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்பது அவள் விருப்பம். ஆனால் இந்த நாட்டில் ஒன்றையும் முழுதாக எடுக்கமாட்டார்கள், முழுதாக வைக்கவும் மாட்டார்கள். ஒரு குழு போட்டார்கள். அது பலமுறை கூடிக் கோப்பி குடித்து ஒரு இணக்கத்துக்கு வந்தது. முதல் சுற்றில் பதவிவழிப் பேராளர்களுக்கு வாக்கு இல்லை. முதல் சுற்று சரிசமமாக முடிந்தால் மட்டும் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து, எல்லோர் முன்னிலும் வாக்கைக் கேட்பது. அதற்கு நானும் வாக்கு அட்டையைத் தூக்கி ஆதரவு கொடுத்தேன். மகள் கொண்டுவந்தது. அதுவுமில்லாமல் இனிப் பின்வரிசையில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன்.

6.

உர்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்று கிழமைக்கு முன்னரே சொல்லிவிட்டு, சொன்ன நிமிடத்துக்கு மணி அடித்தார். மலர் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் கொடுத்தாள். கையாலேயே சாப்பிட்டார், எங்கள் கலியாண வீடுகளில் பழகிய கை. சாப்பிட்டு முடித்தபிறகு, இது எனக்குக் கடைசிச் சந்தர்ப்பம் யோகா என்றார். இத்தனை வருடமும் மற்றவர்களுக்குக் கதிரை அடுக்கிக் கொடுத்தேன், ஒருமுறை நானும் இருந்து பார்க்க ஆசை என்றார். உன் மகளுக்கு எதிராக எனக்குப் போடு என்று நான் கேட்கமாட்டேன், நீ என்ன செய்யப்போகிறாய் என்பதை மட்டும் சொல், கணக்குப் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் ஆட்கள் இதைக் கேட்க மூன்று தேத்தண்ணி எடுத்திருப்பார்கள். நான் ஏதோ முனகினேன். அவர் போனபிறகு மலர் கறிச்சட்டியைக் கழுவிய விதம் சரியில்லை.

அடுத்த ஞாயிறு அவள் விடியவே எழுந்து உளுந்து அரைத்தாள். வாக்குக் கேட்கிறவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டும், அதுதான் மரியாதை, கலியாணத்துக்குச் சொல்வதில்லையா என்பது அவள் வாதம். பட்டுச்சீலை உடுத்துக்கொண்டாள். நான் காரோட்டி. ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல், சுவிஸ்காரர் வீட்டு மணியை அடிக்கப்போகிறோம் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு விளங்காது. தீப்பிடித்தால்கூட முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் வருவார்கள்.

முன்னாள் நகரபிதா இரவுச் சட்டையோடு கதவைத் திறந்தார். ஏதோ தர்மத்துக்குச் சேர்க்கிறார்கள் என்று நினைத்துச் சட்டைப்பையைத் தடவினார். மலர் தன் ஜெர்மனில், "என் மகள். பிரெசிடென்ட். தயவுசெய்து" என்று சொல்லி வடைப்பெட்டியை நீட்டினாள். நான் பின்னால் சம்பலோடு நின்றேன். மனிதர் வாசலிலேயே ஒன்றைக் கடித்தார். பிறகு உள்ளே கூப்பிட்டார். ஆறு வடை சாப்பிட்டார். ஓய்வூதியர் அணித் தலைவி செய்முறை கேட்டார். இளைஞர் அணித் தலைவன் பால், முட்டை ஒன்றும் தொடாதவன், உளுந்து மட்டும்தான் என்று தெரிந்ததும் மலரைக் கட்டிப்பிடித்தான். தொழிற்சங்கக்காரர் வீட்டில் இல்லை. பெட்டியைக் கதவுப்பிடியில் கொளுவிவிட்டு வந்தோம்.

இளைஞன் வடையைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தான். பின்னேரம் ஆரணி வந்தாள். சப்பாத்தைக் கழற்றவில்லை, அப்போதே விளங்கிவிட்டது.

"அம்மா, உதுக்குப் பேர் லஞ்சம்."

"லஞ்சமோ? உளுந்து வடையோ?"

"சாப்பாடு குடுத்து வாக்குக் கேக்கிறது லஞ்சம்தான்."

"ஒராளின்ரை வீட்டை வெறுங்கையோடை போறதோ? உன்னை அப்பிடியோ வளத்தனான்?"

சட்டத்தரணி அந்த வழக்கை அப்படியே விட்டுவிட்டாள். என் பக்கம் திரும்பினாள். சரிசமமாக வந்தால் உங்களைக் கூப்பிடுவார்கள் அப்பா, அந்த வாக்கை நீங்கள் போடக்கூடாது, எனக்கும் கூடாது, உர்ஸுக்கும் கூடாது, எந்ஹால்டுங் என்று சொல்லவேண்டும் என்றாள். வாக்களிக்காமல் விலகி நிற்பதற்கு இங்கே அப்படி ஒரு சொல். தெரிவுசெய்யப்படாத வாக்குகள் வேண்டாம் என்று பேசிவிட்டு, அப்பாவின் தெரிவுசெய்யப்படாத வாக்கால் வென்றால் முகத்தை எங்கே வைப்பது என்று கேட்டாள். நியாயம். சரி பிள்ளை என்று சொன்னேன். உர்ஸுக்கும் அதையே தொலைபேசியில் சொன்னேன். அது சரியான முடிவு என்று அவரும் பாராட்டினார். இரண்டு பக்கமும் என்னைப் பூச்சியமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு நிம்மதியானார்கள். எனக்குத்தான் ஏனோ அந்த நிம்மதி பிடிக்கவில்லை.

மலர் ஒருத்திதான் என்னைக் கணக்கிலிருந்து விடவில்லை. திரிம்பாக்கில் இருக்கும் எங்கள் ஆட்களின் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தாள். மகளின் பெயருக்கு ஒன்று, என் பெயருக்கு இன்னொன்று. உங்களுக்குத்தான் கூடத் தேவை என்றாள்.

7.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். ஒரு கிழமையாகக் குளியலறையில் எந்ஹால்டுங், எந்ஹால்டுங் என்று சொல்லிப் பழகியிருந்தேன். ஆரணி பேசினாள், உர்ஸ் பேசினார், இருவருக்கும் நல்ல கைதட்டல். வாக்குகளை எண்ணினார்கள். பிறகு இன்னொருமுறை எண்ணினார்கள். கூட்டத்தலைவி எழுந்து இருவருக்கும் ஒரே அளவு என்று ஜெர்மனில் சொன்னார். பிரெஞ்சில் சொல்லும்போதாவது மாறும் என்று காத்திருந்தேன். அதிலும் ஒரே அளவுதான்.

ஐந்து பேரையும் அகரவரிசையில் அழைத்தார்கள். எனக்கு முதலெழுத்து Y, கடைசியில் வருவது, எந்த வரிசையிலும் கடைசி ஆள் நான்தான். முன்னாள் நகரபிதா போய் உர்ஸ் என்றார். ஆறு வடை. பார்வையாளர் வரிசையில் இருந்த மலர் தமிழில் ஏதோ சொன்னாள், நல்லவேளை ஒருவருக்கும் விளங்கவில்லை. தொழிற்சங்கக்காரரும் உர்ஸ். ஓய்வூதியர் அணித் தலைவி ஆரணி. இளைஞன் ஆரணி. இரண்டுக்கு இரண்டு. மண்டபம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. ஆரணி மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்பா சொன்னதைச் செய்வார் என்ற நம்பிக்கையில்.

ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றேன். அந்தச் சொல் நாக்கு நுனியில் இருந்தது. கூட்டத்தலைவி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "திரு யோகநாதன், உங்கள் வாக்கு, தயவுசெய்து" என்றார்.

என் பெயரைச் சொல்லி, என்னைப் பார்த்து, உங்கள் வாக்கு என்று ஒரு மனிசர் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை. வேறு ஒருவரும் விடியவே வந்து அதைப் போட்டுவிடவில்லை. அது அங்கேயே எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அறுபது வயது தாண்டிய ஒருவன் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எப்படித் திரும்பி நடப்பது?

"ஆரணி யோகநாதன்" என்றேன்.

சத்தம் எழுந்தது. கைதட்டல் பாதி, வேறு ஏதோ பாதி. வேட்புரிமையை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று முறைப்படி அவளிடம் கேட்டார்கள். மேசையில் இருந்த தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். பிறகு இரண்டு மொழியிலும் ஏற்றுக்கொள்கிறேன் என்றாள். இந்தப் பதவிவழி வாக்குகளை அடுத்த வருடம் முற்றாக எடுத்துவிடுவேன் என்றும் சேர்த்துச் சொன்னாள். என் பக்கம் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்தால் இங்கே வைனும் சீசும் வைத்து நின்றுகொண்டு கதைப்பார்கள். தோற்றவரும் வென்றவரும் ஒரே தட்டில் எடுக்கவேண்டும், அது ஒழுங்கு. உர்ஸ் என்னிடம் வந்தார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. எனக்காக அலுவலகங்களில் நின்ற மனிதர்.

"உன்னைப் பேராளராக்கியதே நான்தான் யோகா. நீ ஒருநாள் அதைப் பாவிப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை" என்றார். கையை இறுக்கிக் குலுக்கிவிட்டுப் போனார். அவர் நடை ஒரு மாதிரி இருந்தது. கையிலிருந்த சீஸை நான் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஆரணி என்னை வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"எந்ஹால்டுங் எண்டு சொல்லுவன் எண்டனீங்கள்."

"ஓம்."

"பிறகேன் அப்பா எனக்குப் போட்டனீங்கள்?"

"உனக்கெண்டு போடேல்லைப் பிள்ளை. ஒருக்கால் போட்டுப் பாக்கவேணும் போல கிடந்தது."

வெளிநாட்டவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசியவள். அப்படி வாக்கில்லாத ஒருத்தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எதிரே இருந்து சோறு சாப்பிடுகிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் பட்டிருக்க வேண்டும். எனக்குந்தான். ஒரு சைக்கிளின் மணியைச் சும்மா தட்டிக்கொண்டு நின்றாள்.

"எப்பிடி இருந்தது?" என்று கேட்டாள்.

"நல்லாயிருந்தது."

8.

நகரபிதாத் தேர்தலில் ஆரணி இரண்டாவதாக வந்தாள். வேறு கட்சிக்காரர் ஒருவர் வென்றார். யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் துக்கம் விசாரித்தார்கள். வாக்குச்சீட்டுகள் இங்கே தபாலில் வீட்டுக்கே வரும். மலரும் ஆரணியும் சாப்பாட்டு மேசையில் இருந்து அவற்றை நிரப்ப, நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். எனக்கு உறை வரவில்லை, வராது என்று தெரியும். ஆனால் அந்தமுறை அது வராதது கண்ணில் பட்டது. அதற்கு முன்னரெல்லாம் கண்ணில் பட்டதே இல்லை. பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டேன். இப்போது அதற்கான பரீட்சைக்கு இந்த நாட்டு ஏரிகளின் பெயர்களைப் பாடமாக்குகிறேன். நிறைய ஏரிகள்.

கிளைத் தலைமை வெற்றிடமானபோது முதலில் உர்ஸைக் கேட்டார்கள், அவர் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட, அது ஆரணியின் கைக்கு வந்தது. சொன்னபடி போன கிழமை பிரேரணையைக் கொண்டுவந்தாள். பதவிவழிப் பேராளர்களை முற்றாக நீக்குவது. நாங்கள் ஐந்து பேரும் அன்று கடைசித் தடவையாக வாக்களிக்கலாம். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. முன்னாள் நகரபிதாவே இது காலத்தின் தேவை என்று பேசினார். வீட்டில் அதுபற்றி ஒரு கதையும் இல்லை, அப்பா ஆதரவு என்று ஆரணி எடுத்துக்கொண்டிருந்தாள். போனதடவை ஆதரவு கொடுத்தவன்தானே.

ஆதரவானவர்கள் என்றாள் மேடையிலிருந்து. மண்டபம் முழுக்க அட்டைகள் எழுந்தன. எனக்குப் பக்கத்தில் இருந்த உர்ஸின் அட்டையும் எழுந்தது. இந்த வருடம் பேராளராகத் தெரிவாகியிருந்த மலருடையதும். எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆனாலும் ஒழுங்கு ஒழுங்குதான், எதிரானவர்கள் என்று கேட்டாள்.

அவள் சொல்வதுதான் சரி. எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. சிவானந்தன் கேட்டபோதும் அது அநியாயமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் என்னிடம் இருந்த ஒன்றே ஒன்றை நானே கையால் எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை. அட்டையைத் தூக்கினேன்.

மலர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னப்பா செய்யிறியள்?" என்றாள். முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. உர்ஸ் என் கையை அண்ணாந்து பார்த்தார், பிறகு தன் முழங்கால்களைப் பார்த்துச் சத்தம் வராமல் சிரித்தார். நான் கையை நன்றாக நீட்டி உயர்த்திப் பிடித்தேன், எண்ணுகிறவர்களுக்குத் தெரியவேண்டும் அல்லவா.

ஆரணி மேடையில் நின்று என்னைப் பார்த்தாள். நேரம் எடுத்துத்தான் பார்த்தாள். எதிர்ப்பு, ஒரு வாக்கு என்று ஜெர்மனில் அறிவித்தாள். எதிர்ப்பு, ஒரு வாக்கு என்று பிரெஞ்சில் அறிவித்தாள். எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். நான் இன்னும் கையை இறக்கவில்லை. அவள் ஒலிவாங்கியை மறுபடியும் கிட்ட இழுத்தாள், அத்தனை பேர் கேட்க.

"எண்ணியாச்சு அப்பா. இனிக் கையை இறக்குங்கோ."